எந்தப் பக்கம்? – ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஜிந்துப்பிட்டியிலிருந்து கெத்தாராம மைதானத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்தே போய்விடலாம். 2023 செப்ரெம்பர் 17ஆம் நாள் அம்மைதானத்தில் ஆசியக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. இலங்கை அணி 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. முகமது சிராஜ் 21 ஓட்டங்களைக் கொடுத்து ஆறு விக்கட்டுகளைச் சாய்த்தார். இந்திய அணி 6.1 ஓவர்களில், ஒரு விக்கட்டைத்தானும் இழவாமல், ஆட்டத்தை முடித்துவைத்தது.

மறுநாட் காலை நாம் வகுப்பறைக்குள் நுழைந்தபோது அதைப் பற்றிய பேச்சே ஓங்கியிருந்தது. மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், நாங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது, அவன் சிரிக்கவில்லை.

"நீங்கள் எந்தப் பக்கம்?" என்று அவன் கேட்டிருந்தால், நாமும் ஏதோ சொல்லிச் சமாளித்திருப்போம். அவன் கேட்டது "நாங்கள்" என்றே. அவனுடைய பூட்டன் இராமநாதபுரத்துக் கிராமமொன்றிலிருந்து கப்பலேறி வந்தவர். அவன் பிறந்தது கொழும்பில். இராமநாதபுரத்தை அவன் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் இந்திய அணி வென்றால் அவன் வீட்டில் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை வீதிக்குக் கொண்டுவருவதில் ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதனையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

1

கிரிக்கட் இலங்கைக்கு வந்த கதையைச் சொல்வோர் வெள்ளைக்காரப் படைவீரரையும், தோட்டத் துரைமாரையும், ஆங்கிலக் கல்லூரிகளையும் சொல்லுவர். அது பொய்யன்று, ஆனால் அரைக்கதை. மற்ற அரைக்கதை கொழும்புத் துறைமுகத்தில் இருக்கிறது.

இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்குமிடையே சென்ற நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கொழும்பில் தரித்தன. 1882இல் ஐவோ பிளையின் இங்கிலாந்து அணி அவ்வாறு தரித்தபோது இங்கு ஓர் ஆட்டம் ஆடியது. அதன் பின்னர், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு காலம், அவ்வழியாகச் சென்ற பெரிய அணிகள் கப்பல் நிற்கும் ஒரு பகற்பொழுதில் இறங்கி ஆடிச் செல்வது வழக்கமாயிற்று. டபிள்யூ. ஜி. கிரேஸ் முதல் பிரட்மன் வரை உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரரைக் கொழும்பு மக்கள் கண்டது இந்த இடைவேளையிலேதான்.

அந்தக் கப்பல்களுக்கு நிலக்கரி சுமந்தவர் யார்? தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர். மேட்டுக்குடியினர் மைதானத்தில் நிழற்குடையின் கீழமர்ந்து ஆட்டத்தை இரசித்த அதே வேளையில், அந்த ஆட்டத்தைச் சாத்தியமாக்கிய கரியை இவர்கள் முதுகில் ஏற்றிக் கொண்டிருந்தார்கள். துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, ஜிந்துப்பிட்டி ஆகிய பகுதிகளின் நெருக்கமான குடியிருப்புகள் இத்தகையோரின் உழைப்பைச் சார்ந்து வளர்ந்தவை. செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் வட்டிக்கடைகளும் கதிரேசன் கோயில்களும். ஜிந்துப்பிட்டியில் முருகன் கோயிலும் புனித தோமையார் தேவாலயமும். சந்துகளில் துறைமுகத் தொழிலாளரும், நகரசுத்தித் தொழிலாளரும், கடைச் சிப்பந்திகளும். எல்லோரும் தமிழரே, எல்லோரும் ஒரு வர்க்கத்தினர் அல்லர்.

விளையாட்டுக் கழகங்களோ இனவாரியாக எழுந்தன. சிங்கள விளையாட்டுக் கழகம் 1899இல் தோன்றியது. தமிழ் யூனியனும் அதே ஆண்டிற்றான் தோன்றியது. பறங்கியருக்கொன்று, சோனகருக்கொன்று, மலாயருக்கொன்று எனக் கழகங்கள் பிரிந்து நின்றன. குடிமக்களை இனம் இனமாக எண்ணி, இனம் இனமாகச் சட்டசபைக்கு நியமித்த ஏகாதிபத்தியத்துக்கு, அவர்கள் பந்தையும் இனம் இனமாக அடிப்பது இயல்பாகவே தோன்றியிருக்கும். தமிழ் யூனியனைக் கட்டியெழுப்பியவர்கள் உத்தியோகத்தரும் சட்டத்தரணிகளும் போன்ற படித்த கூட்டத்தினர். கரி சுமந்த தமிழனுக்கு அங்கே எந்த இடம் இருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக் கொள்ளலாம்.

2

1948ஆம் ஆண்டு எமது ஆராய்ச்சிக்கு மையமான ஆண்டு.

அவ்வாண்டு பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. மார்ச் 27இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பில் இறங்கியது. தோல்வியே காணாத அணியெனப் பின்னர் பெயர் பெற்ற அணி அது. தமிழ் யூனியன் கழகத்தின் ஓவல் மைதானத்தில் அதனை எதிர்த்த இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவ சதாசிவம் என்னும் தமிழர். முந்திய ஆண்டு சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்து, அந்த ஊர் இரசிகரையே எழுந்து நின்று பாராட்டச் செய்தவர். சுதந்திர இலங்கை பிறந்த இரண்டாம் மாதத்தில், உலகின் மிக வலிய அணிக்கெதிரே ஒரு தமிழர் அதன் கொடியைத் தாங்கினார். அன்றைய ஆடுகளம் 22 யாருக்குப் பதிலாக 20 யாராகவே அளக்கப்பட்டிருந்தது என்பது பிரசித்தமான கதை.

ஆடுகளத்தில் இரண்டு யார் குறைந்ததை உலகமே இன்றும் பேசுகிறது. அவ்வாண்டின் பிற்பகுதியில் குறைக்கப்பட்ட வேறொன்றை அத்தனை பேர் பேசுவதில்லை.

1948 நொவம்பர் 15இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இங்கு பிறந்ததனால் மட்டும் ஒருவர் பிரஜையாகிவிட முடியாது. தந்தை இங்கு பிறந்திருக்க வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். பிறப்புப் பதிவு என்பதையே அறியாத லயத்திலும் சந்திலும் பிறந்தவன் தன் பூட்டனின் பிறப்புக்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவான்? 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு சட்டத்தால் நாடற்றவராயினர். 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது போலக் காட்டியது. மணமானவர் ஏழாண்டு, மணமாகாதவர் பத்தாண்டு தொடர்ந்து வதிந்ததை நிரூபிக்க வேண்டும். ஊருக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் குவிந்தன. ஏறத்தாழ 1,34,000 பேரே பதிவு பெற்றனர்.

இதன் அரசியற் காரணம் மறைவானதன்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது; வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குச் சென்றன. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனந்தானும் இல்லை. வாக்காளரே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டனர். உழைக்கும் வர்க்கத்தின் ஒரு பெரும் படையை, இனத்தின் பெயரால், ஆளும் வர்க்கம் களத்திலிருந்து வெளியேற்றியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சதாசிவத்தின் பிரஜாவுரிமைக்கு எவ்வித ஆபத்தும் நேரவில்லை. ஒரே மொழி, இருவேறு விதி. சட்டமூலத்தை எதிர்த்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948 செப்ரெம்பரில் அதே அரசாங்கத்தில் அமைச்சரானார். அதனைக் கண்டித்துப் பிரிந்த செல்வநாயகம் முதலானோர் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். அணித் தலைவன் தமிழனாயிருந்தாற் போதும், இனம் தலைநிமிர்ந்துவிடும் என்று நம்புவோருக்கு 1948 ஒரு பாடம்.

இடதுசாரிகளுக்கும் அதில் ஒரு பாடமுண்டு. 1948இல் பாராளுமன்றத்தில் அச்சட்டத்தை எதிர்த்து நின்றவை இடதுசாரிக் கட்சிகள். அது அவற்றின் பெருமை. 1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்தில் சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30இல் அந்த அரசாங்கமே ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைச் செய்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்று இரு அரசாங்கங்கள் மனிதரைப் பங்கிட்டன. பங்கிடப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. எமது தரப்பின் இந்த வீழ்ச்சியை மறைப்பது வரலாறாகாது.

3

அதே 1948இல் இங்கிலாந்தில் நடந்ததை ஒப்புநோக்குவது பயன் தரும். ஜூன் மாதத்தில் 'விண்ட்ரஷ்' கப்பல் மேற்கிந்தியத் தீவினரை ஏற்றிக்கொண்டு தில்பரித் துறையை அடைந்தது. அவ்வாண்டின் பிரித்தானிய நாட்டினச் சட்டம் அவர்களுக்குக் குடியுரிமையைத் தந்தது. இரண்டாண்டுகளின் பின், 1950 ஜூன் 29இல், லோர்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்திய அணி இங்கிலாந்தை 326 ஓட்டங்களால் வென்றது. லண்டனில் வசித்த மேற்கிந்தியர் பாட்டும் கூத்துமாக மைதானத்துக்குள் இறங்கினர். அவ்வெற்றியில் பதினொரு விக்கட்டுகளை வீழ்த்திய சொனி ராமதின், திரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய் இந்தியாவிலிருந்து சென்றோரின் வழித்தோன்றல். கொழும்புத் துறைமுகத்துக்கும் கண்டிச் சீமைக்கும் மக்களை அள்ளிவந்த அதே பேரலைதான் ராமதினின் மூதாதையரையும் அங்கே ஒதுக்கியது.

தாயகத்துக்கு வெகுதொலைவில், கூலி குறைந்த வேலையும் அவமதிப்பும் கண்ட அம்மக்களுக்கு அணியின் வெற்றி ஒரு நிமிர்வைத் தந்தது. அது வெறும் ஊர்ப்பாசமன்று. எசமானனின் விளையாட்டில் எசமானனை வென்ற களிப்பு. திரினிடாட்டின் மார்க்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட கிரிக்கட் நூல் இந்த உண்மையை விரிவாக ஆராய்ந்தது. கறுப்பரான பிராங்க் வொரலை அணித் தலைவராக்க வேண்டுமென ஜேம்ஸ் தம் பத்திரிகையில் இயக்கமே நடத்தினார். 1960இல் அது நிறைவேறியது. தென்னாபிரிக்காவிலும் இது போன்றதையே காண்கிறோம். நிறவெறி ஆட்சிக்காலத்தில் கேப்டவுனின் வெள்ளையரல்லாத மக்கள், தமக்கென ஒதுக்கிய மூலையிலிருந்து, வருகை தந்த நியூசிலாந்து றக்பி அணிக்கே ஆர்ப்பரித்தனர். தம்மைக் குடிகளாக ஏற்காத நாட்டின் அணியைத் தம் அணியாக ஏற்க அவர்கள் மறுத்தார்கள்.

ஆனால் இங்கிலாந்தின் தாராளமும் நிலைக்கவில்லை. 1962ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் கதவைச் சாத்தத் தொடங்கியது. 1990இல் முன்னாள் அமைச்சர் நோர்மன் தெபிற், ஆசியரும் மேற்கிந்தியரும் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை விசுவாசத்தின் உரைகல்லாகக் கூறினார். அதற்குக் 'கிரிக்கட் பரீட்சை' என்று பெயரும் வந்தது. இலங்கையில் எவரும் அப்படியொரு பெயரைச் சூட்டவில்லை. பரீட்சை மட்டும் நெடுங்காலமாக நடந்து வந்தது.

4

இன்று இந்திய அணியை ஆதரிப்பவனை நோக்கி, "வெல்லுகிற பக்கம் சாய்கிறான்" என்று ஏளனம் செய்வோர் உளர். அவர்கள் வரலாற்றை அறியார். இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932இல் ஆடியது. முதல் டெஸ்ட் வெற்றியை 1952 பெப்ரவரியில், சென்னைச் சேப்பாக்கத்தில், இருபது ஆண்டுகளின் பின்னரே கண்டது. தோற்றுக்கொண்டேயிருந்த அந்த அணியைத் தன்னதாகக் கருதிய ஜிந்துப்பிட்டித் தொழிலாளி வலிமையை நாடிப் போனவனல்லன். பிரஜாவுரிமை இழந்தவனுக்கு ஏதோ ஓரிடத்தில் "எம்முடையது" என்று சொல்ல ஒன்று வேண்டியிருந்தது. அவனை இலங்கை தன்னவன் என்று சொல்லவில்லை. இந்தியாவும் உடனே சொல்லிவிடவில்லை. எந்தப் பத்திரமும் காட்டாமல் அவன் உரிமை கொண்டாடக்கூடிய பொருள் அந்த அணியே.

1983 ஜூன் 25இல் இந்தியா உலகக் கிண்ணத்தை வென்றது. முன்னிருமுறையும் கிண்ணத்தை வென்றிருந்த மேற்கிந்திய அணியை 43 ஓட்டங்களால் வீழ்த்தியது. சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 24ஆம் நாளிரவு, பொரளையில் தொடங்கிய தீ கொழும்பெங்கும் பரவியது. புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அவ்வாண்டு மார்ச் மாதத்திற்றான் ஸ்ரீதரன் ஜெகநாதன், வினோதன் ஜோன் என்னும் தமிழர் இருவர் நியூசிலாந்தில் இலங்கைக்காக டெஸ்ட் ஆடியிருந்தனர். தீ வைத்தவன் கிரிக்கட் புள்ளிவிவரம் பார்த்துத் தீ வைக்கவில்லை. எந்த அணியை ஆதரிக்கிறாய் என்றும் கேட்கவில்லை. எந்த மொழி பேசுகிறாய் என்றுதான் கேட்டான். ஆதரவு வாய்க்குள் அடங்கிப் போனது அக்காலத்திலே.

வடக்கின் அனுபவம் வேறு. 1987 ஒக்டோபரில் இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து உலகக் கிண்ணப் போட்டியை நடத்தின. 9ஆம் நாள் சேப்பாக்கத்தில் இந்தியா அவுஸ்திரேலியாவிடம் ஒரே ஓட்டத்தால் தோற்றது. அதே கிழமையில் யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தின் நடவடிக்கை தொடங்கியது. அம்மாதமே யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில் வைத்தியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். 'இந்தியா' என்னும் ஒரே சொல் ஜிந்துப்பிட்டியில் ஒரு பொருளும் யாழ்ப்பாணத்தில் வேறு பொருளும் கொள்ளலாயிற்று. "தமிழர் எல்லோரும் இந்திய அணிக்கே ஆதரவு" என்னும் வாதம் எத்துணை மேலோட்டமானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

5

கதையின் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

1996 ஜனவரி 31இல் மத்திய வங்கி குண்டுவெடிப்பில் சிதைந்தது. உலகக் கிண்ணத்துக்குக் கொழும்பு வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. பெப்ரவரி 13இல் இந்திய, பாகிஸ்தானிய வீரர்கள் ஒரே அணியாகக் கெத்தாராமவில் இலங்கையோடு ஆடினர். வசீம் அக்ரமின் பந்தில் களுவிதாரண அடித்ததை டெண்டுல்கர் பிடித்தார். மூன்று போர் கண்ட இரு நாடுகள் ஓரணியில் நின்ற அன்று, "எந்தப் பக்கம்?" என்னும் கேள்விக்கே இடமிருக்கவில்லை.

அடுத்தது முத்தையா முரளிதரனின் கதை. தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரின் பேரன். 1977 கலவரத்தில் அவர் குடும்பத்தின் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் அவர் பந்துவீச்சைச் செல்லாது என்றபோது, அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியைத் திரட்டி எல்லைக்கோடு வரை நடந்தார். நாடு முழுவதும், சிங்கள மக்கள் உட்பட, முரளியின் பக்கம் நின்றது. 2010 ஜூலை 22இல் காலியில் தம் எண்ணூறாவது டெஸ்ட் விக்கட்டை அவர் வீழ்த்தினார், எதிரணி இந்தியா. கரி சுமந்தவரும் கொழுந்து பறித்தவரும் பெற்ற பிள்ளைகள் அன்று எந்தப் பக்கம் கைதட்டியிருப்பார்கள்? இரு பக்கமும் அவர்களுடையதே.

இன்னொரு முரணையும் பார்ப்போம். 2013இல் இலங்கை அரசின் மீதுள்ள நியாயமான கோபத்தின் பெயரால், ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஆடக்கூடாது எனத் தமிழக அரசு கூறியது. தடுக்கப்பட்டவருள் முரளிதரனும் ஒருவர். முன்னர் சென்னை அணிக்கே மூன்றாண்டுகள் ஆடிய அவர், இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழர், சென்னையில் இலங்கையர். இக்கரையிலும் அக்கரையிலும் அந்நியராகக் கருதப்படும் ஒரு மக்கட் கூட்டத்தின் விதி ஒரு மனிதரின் வாழ்வில் வெளிப்பட்டது. போர் பற்றி அவர் தெரிவித்த கருத்துகள் சிலவற்றோடு நாம் உடன்படாதிருக்கலாம். அது வேறு விஷயம்.

6

இன்றைய நிலை 1952ஐப் போன்றதன்று. இந்திய அணி இன்று தோற்றுக்கொண்டிருக்கும் அணியன்று. அதன் பின்னால் நிற்பது பெருமுதலாளித்துவம். 2024 முதல் 2027 வரை உலகக் கிரிக்கட் பேரவையின் வருவாயிற் பங்கிடப்படும் தொகையில் 38.5 வீதம் இந்தியக் கட்டுப்பாட்டுச் சபைக்கு ஒதுக்கப்பட்டது. முன்னர் லண்டன் கனவான்கள் செலுத்திய ஆதிக்கம் மும்பாய்க்கு இடம்மாறியிருக்கிறது. ஆதிக்கம் என்னும் பண்பு மாறவில்லை. ஆகவே, தோற்றவனைத் தன்னவனென்று கொண்ட பூட்டனின் பற்றையும், வென்றவனின் பலத்தில் குளிர்காயும் இன்றைய களிப்பையும் ஒன்றென்று நாம் கருதலாகாது. பின்னது இரவற் பெருமை. துறைமுகத்துச் சந்தில் ஒழுகும் கூரையை அது அடைக்காது.

ஆயினும் ஒரு தொழிலாளியின் பிள்ளை எந்த அணிக்குக் கைதட்டலாம் என்று தீர்ப்புச் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னர் நாடற்றவர் என்னும் நிலை சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. சட்டம் ஏற்றுக்கொண்ட பின்னரும் ஆட்டம் நடக்கும் ஒவ்வொரு நாளும் அப்பிள்ளை மீண்டும் மனுப்போட வேண்டும் என்பது எந்த நியாயம்? கொழும்பில் வாழும் ஒருவர் அவுஸ்திரேலிய அணியின் இரசிகராயிருந்தால் அதனை இரசனை என்கிறோம். ஜிந்துப்பிட்டிப் பிள்ளை இந்திய அணியின் இரசிகனாயிருந்தால் அதனைத் துரோகம் என்கிறோம். பந்தும் மட்டையும் ஒன்றே. வேறுபடுவது கேட்கப்படுபவனின் பிறப்பு.

அன்று வகுப்பில் நாம் உடனே விடை சொல்லவில்லை. கரும்பலகையில் 1948 என்று எழுதினோம். அதன் கீழே, ஓவலில் பிரட்மனை எதிர்த்த அணித் தலைவரின் பெயரை ஒருபுறமும், அவ்வாண்டுச் சட்டத்தின் பெயரை மறுபுறமும் எழுதினோம். பாடம் முடிய மணியடித்தது. அந்த மாணவன் இரண்டையும் தன் கொப்பியில் எழுதிக்கொண்டு, "சேர், இந்தக் கேள்வியை எங்களிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?" என்றான்.

அவன் முதலிற் கேட்டதைவிட இது சிறந்த கேள்வி. இதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவனல்லன், நாமனைவரும்.